விசிஓவின் வீச்சு குறைகிறதா? அறிகுறி பார்த்துக் காரணம் தேடும் வழி

விசிஓ என்பது கொடுக்கும் மின்னழுத்தத்துக்கேற்ப அதிர்வெண் மாறும் அலையியற்றி. எல்சி விசிஓவில் இண்டக்டரும் கெப்பாசிட்டரும் சேர்ந்த டாங்க்தான் அதிர்வெண்ணைத் தீர்மானிக்கும். அது எட்டும் மேல், கீழ் அதிர்வெண்களின் வித்தியாசத்தை நடு அதிர்வெண்ணின் சதவீதமாகச் சொன்னால் அதுதான் டியூனிங் வீச்சு. சிப்புக்குள் வைக்கும் எல்சி விசிஓ ஒன்றுக்குச் சிமுலேஷனில் 40 சதவீத டியூனிங் வீச்சு வந்தது. சிப் கைக்கு வந்து அளந்தால் 35-தான் இருக்கிறது. உடனே எல்லோருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: வராக்டரை (டியூன் மின்னழுத்தத்தால் மாறும் கெப்பாசிட்டர்) பெரிதாக்கு, பேங்க்கில் (ஸ்விட்ச்சால் சேர்த்துக் கழற்றும் கெப்பாசிட்டர் தொகுதி; எதெது சேர்கிறது என்பதை பேங்க் எண் சொல்லும்) இன்னும் இரண்டு கெப்பாசிட்டர் சேர். கொஞ்சம் பொறுங்கள். என் அனுபவத்தில், மாறும் கெப்பாசிட்டன்ஸ் குறைந்து வீச்சு போவதைவிட, மாறாத கெப்பாசிட்டன்ஸ் கூடிப்போய் வீச்சு போவதுதான் மிக அதிகம். அந்த நிலையில் மேலும் கெப்பாசிட்டர் சேர்த்தால் கீழ் முனை இன்னும் கீழே போகும். மேல் முனை போன இடம் போனதுதான்.

அடிப்படை ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். அதிர்வெண் இரண்டு மடங்காக வேண்டுமென்றால் மொத்தக் கெப்பாசிட்டன்ஸ் நான்கு மடங்கு மாற வேண்டும். "மொத்த" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. டிரான்சிஸ்டர், பஃபர் (விசிஓவின் சமிக்ஞையை வெளியே கொடுக்கும் இடைச்சுற்று), கம்பி, இண்டக்டரின் சொந்தக் கெப்பாசிட்டன்ஸ் எல்லாம் அதில் சேரும். அதனால் பிழை தேடும்போது அதிர்வெண்ணில் கணக்குப் போடாதீர்கள், கெப்பாசிட்டன்ஸில் போடுங்கள்.

அறிகுறி: முனைகளில் அளவீடு துள்ளுகிறது, அல்லது ஒரே எண்ணில் நின்றுவிடுகிறது

விசிஓவைக் குறை சொல்வதற்கு முன் டிவைடரைப் பாருங்கள். பெரும்பாலான சிப்களில் விசிஓவின் வெளியீட்டை நேரடியாக அளக்க மாட்டோம். 4 ஆலோ 8 ஆலோ வகுத்துத்தான் வெளியே எடுப்போம். வேகமான டிவைடர்களுக்குத் தாமாகவே அலையும் ஓர் அதிர்வெண் உண்டு. விசிஓ தரும் அலையின் உயரம் குறைந்தால் டிவைடர் அதைப் பின்தொடராமல் தன் போக்கில் போய்விடும். திரையில் தெரிவது அப்போது டிவைடரின் அதிர்வெண். பேங்க் எண்ணை மாற்றியும் அளவீடு அசையவில்லை என்றால் இதுதான் காரணம் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். ஒரு சிறு வளைய ஆன்டெனாவைச் சிப்புக்கு மேலே பிடித்து, கசியும் சமிக்ஞையை ஸ்பெக்ட்ரம் அனலைசரில் பாருங்கள். விசிஓ எங்கே ஓடுகிறது என்பது நேரடியாகத் தெரிந்துவிடும்.

அறிகுறி: மேல் முனை எட்டவில்லை

மிக அடிக்கடி வருவது இதுதான், அதனால் இதற்குக் கொஞ்சம் அதிக இடம் கொடுக்கிறேன்.

இண்டக்டர் 1 நானோஹென்றி, இலக்கு 4 முதல் 6 கிகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 4 கிகாஹெர்ட்ஸுக்கு மொத்தக் கெப்பாசிட்டன்ஸ் 1.58 பிகோஃபாரட் வேண்டும், 6-க்கு 0.70. இரண்டுக்கும் நடுவே 0.88 பிகோஃபாரட் மாற வேண்டும்.

இப்போது இரண்டு சிப்கள் வருகின்றன. முதலாவது 3.82 முதல் 5.45 வரை ஓடுகிறது. இரண்டாவது 3.81 முதல் 5.72 வரை. கீழ் முனை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பார்த்தவுடன் ஒரே நோய் போலத் தெரியும், ஆனால் அப்படி இல்லை.

அதிர்வெண்ணை வர்க்கமாக்கித் தலைகீழாகப் போட்டுப் பாருங்கள். அதாவது 1-ஐ அதிர்வெண்ணின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். இந்த எண் இண்டக்டன்ஸையும் மொத்தக் கெப்பாசிட்டன்ஸையும் பெருக்கி வருவதற்கு நேர்விகிதத்தில் இருக்கும். வடிவமைப்பில் இரு முனைகளும் 0.0625, 0.0278; வித்தியாசம் 0.0347. முதல் சிப்பில் 0.0685, 0.0337, வித்தியாசம் 0.0348, மறுபடியும் ஏறக்குறைய அதேதான். அதாவது மாற வேண்டிய கெப்பாசிட்டன்ஸ் சொன்னபடியே மாறுகிறது. இரு முனையிலும் ஒரே அளவு சுமை கூடியிருக்கிறது, அவ்வளவுதான். கணக்குப் போட்டால் அது 0.15 பிகோஃபாரட். இரண்டாவது சிப்பில் 0.0689, 0.0306, வித்தியாசம் 0.0383. மூன்று எண்ணும் ஒரே விகிதத்தில், 10 சதவீதம், கூடியிருக்கின்றன. இங்கே கெப்பாசிட்டரில் குறையே இல்லை. இண்டக்டன்ஸ் 10 சதவீதம் அதிகம். வீச்சு இன்னும் 40 சதவீதம்தான், மொத்தமாகக் கீழே இறங்கி உட்கார்ந்திருக்கிறது.

இரு முனையோடு நிறுத்தாமல், டியூன் மின்னழுத்தத்தை நடுவில் நிறுத்திக்கொண்டு எல்லா பேங்க் எண்ணுக்கும் இதே கணக்கைப் போட்டு வரைந்து பாருங்கள். நேர்கோடு வர வேண்டும். சாய்வு சரியாக இருந்து கோடு மேலே ஏறியிருந்தால் பாராசிட்டிக் சுமை, அதாவது டிரான்சிஸ்டர், கம்பி போன்றவற்றோடு வேண்டாமல் வரும் கெப்பாசிட்டன்ஸ். கோடு தொடங்கும் இடம் சரியாக இருந்து சாய்வு மட்டும் மாறியிருந்தால் பேங்க் கெப்பாசிட்டரின் மதிப்பு தயாரிப்பில் நகர்ந்திருக்கிறது. இரண்டும் ஒரே விகிதத்தில் மாறியிருந்தால் இண்டக்டர். நடுவே ஓரிடத்தில் படி உடைந்திருந்தால் அது பெரிய பிட் மாறும் இடமா என்று பாருங்கள். ஒரு பிற்பகல் வேலைதான். மறு வடிவமைப்பில் எதைத் தொட வேண்டும் என்பதை இந்தக் கோடு சொல்லிவிடும்.

சரி, பாராசிட்டிக்தான் என்று தெரிந்துவிட்டது. எங்கிருந்து வருகிறது? நான் முதலில் பார்ப்பது கிராஸ் கப்பிள்டு ஜோடியை, அதாவது ஒன்றின் டிரெயினை மற்றொன்றின் கேட்டில் இணைத்து அலைவை நிலைநிறுத்தும் இரு டிரான்சிஸ்டர்களை. அதன் கேட்-டிரெயின் கெப்பாசிட்டன்ஸ் ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு மடங்காகத் தெரியும். டாங்க்கின் இரு பக்கங்களும் எதிரெதிராக ஆடுவதால் வரும் விளைவு இது. தொடக்கத்தில் அலைவு கட்டாயம் கிளம்ப வேண்டுமென்று டிரான்சிஸ்டரைத் தாராளமாகப் பெரிதாக்கியிருப்போம், அந்தத் தாராளம் மேல் முனையைத் தின்றுவிடும். என்மாஸ், பிமாஸ் என்ற இரு வகை டிரான்சிஸ்டர்களும் சேர்ந்த அமைப்பு என்றால் பிமாஸின் அகலம் இன்னும் பெரிய சுமை. வீச்சுதான் முக்கியம் என்றால் என்மாஸ் மட்டும் உள்ள அமைப்புக்குப் போவது நல்லது. அடுத்தது பஃபர். டாங்க்கில் நேரடியாகப் பெரிய டிரான்சிஸ்டரைத் தொங்கவிடாமல், சிறிய கெப்பாசிட்டர் வழியே சிறிய முதல் நிலை ஒன்றை வைத்து, அதற்குப் பின்னால் பெரிதாக்குங்கள். பஃபரில் கொஞ்சம் நாய்ஸ் (இரைச்சல்) கூடும், பெரும்பாலும் தாங்கக்கூடியதுதான்.

இண்டக்டரைப் பாதியாக்கி கெப்பாசிட்டர்களை இரட்டிப்பாக்கலாமே என்று கேட்பார்கள். கம்பி, பஃபர் ஆகியவற்றின் சுமை அப்போது விகிதத்தில் சிறிதாகும், அது உண்மை. ஆனால் டாங்க்கின் இணை மின்தடையும் பாதியாகிறது. அதை ஈடுகட்ட ஜோடியைப் பெரிதாக்க வேண்டும், ஜோடியின் சுமையும் கூடவே வளரும். கம்பியும் பஃபரும்தான் குற்றவாளிகள் என்றால் இந்த வழி பலன் தரும். ஜோடிதான் குற்றவாளி என்றால் மின்சாரச் செலவு மட்டும் இரட்டிப்பாகும்.

இரண்டாவது சிப்பின் கதை வேறு. சிப்பில் ஒரு மில்லிமீட்டர் கம்பிக்கு ஏறக்குறைய 1 நானோஹென்றி என்பது பழைய தோராயக் கணக்கு. இண்டக்டரின் காலிலிருந்து பேங்க் வரை பக்கத்துக்கு 50 மைக்ரோமீட்டர் கம்பி ஓடினால், போக வரச் சேர்த்து 0.1 நானோஹென்றி வரை வந்துவிடும். அந்த 10 சதவீதம் இதுதான். கெப்பாசிட்டன்ஸை மட்டும் எடுக்கும் லேஅவுட் எக்ஸ்ட்ராக்‌ஷன் இந்தக் கம்பியின் இண்டக்டன்ஸைக் காட்டவே காட்டாது. இண்டக்டரோடு பேங்க் வரை போகும் கம்பியையும் சேர்த்து மின்காந்த சிமுலேஷன் செய்யுங்கள். பெரிய பிட்டுகளை இண்டக்டரின் காலுக்கு மிக அருகில் வையுங்கள்.

அறிகுறி: பட்டைகளுக்கு நடுவே ஓட்டை

பட்டை என்பது ஒரு பேங்க் எண்ணில் வராக்டரால் எட்ட முடிகிற அதிர்வெண் பகுதி. முனைகள் இரண்டும் சரி, ஆனால் சில அதிர்வெண்களில் எந்த பேங்க் எண்ணிலும் பிஎல்எல் (விசிஓவை வேண்டிய அதிர்வெண்ணில் பிடித்து நிறுத்தும் கட்டுப்பாட்டுச் சுற்று) பூட்டவில்லை. மேலே சொன்ன 0.88 பிகோஃபாரடை 5 பிட் பேங்க்கால் நிரப்புகிறோம் என்று வைப்போம். படிக்கு 27 ஃபெம்டோஃபாரட் வீதம் 31 படிகள், வராக்டருக்கு 43. காகிதத்தில் பட்டைகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. ஆனால் அந்த 43 முழுவதும் கையில் கிடைக்காது. டியூன் மின்னழுத்தத்தைத் தரும் பிஎல்எல்லின் சார்ஜ் பம்ப் இரு மின்னழுத்த முனைகளுக்கு அருகே சரியாக வேலை செய்யாது, அதனால் டியூன் மின்னழுத்தத்தின் ஓரங்கள் வீண். அதோடு டாங்க்கின் பெரிய ஊசலாட்டம் வராக்டரின் செங்குத்தான வளைவைச் சராசரியாக்கி மழுக்கிவிடும். இவை சேர்ந்து 60 சதவீதமாகக் குறைத்தால் கையில் இருப்பது 26. படியோ 27. ஓட்டை விழுந்தாயிற்று.

வராக்டரைப் பெரிதாக்குவதைவிட ஒரு பிட் கூட்டிப் படியைப் பாதியாக்குவதையே நான் விரும்புவேன். பெரிய வராக்டர், டியூன் கம்பியில் வரும் ஒவ்வொரு சிறு நாய்ஸையும் அதிர்வெண்ணாக மாற்றிக்கொண்டே இருக்கும். படி மிகச் சிறிதானால் யூனிட்டுக்குள் ஓடும் கம்பியின் சுமை விகிதத்தில் கூடும் என்பதை மட்டும் கவனியுங்கள். ஓட்டை ஒரே ஓர் இடத்தில், 15-க்கும் 16-க்கும் நடுவில் மட்டும் என்றால் காரணம் வேறு: பெரிய பிட்டின் கெப்பாசிட்டர் சின்னப் பிட்டுகளின் கூட்டுத்தொகையோடு பொருந்தவில்லை. எல்லாப் பிட்டையும் ஒரே யூனிட்டை அடுக்கிக் கட்டுங்கள்.

அறிகுறி: கீழ் முனையில் அலைவு கிளம்பவில்லை, அல்லது மிகவும் மெலிந்துவிடுகிறது

இண்டக்டரின் தொடர் மின்தடை மாறாது என்று கொண்டால், டாங்க்கின் இணை மின்தடை அதிர்வெண்ணின் வர்க்கத்தோடு இறங்கும். 6-லிருந்து 4-க்கு வந்தால் பாதிக்கும் கீழே போகும். இரண்டு மடங்கு வீச்சு என்றால் நான்கில் ஒரு பங்கு. அதே நேரத்தில் பேங்க்கின் ஸ்விட்ச்சுகள் அனைத்தும் மூடியிருக்கின்றன (அதாவது கெப்பாசிட்டர்களை இணைத்திருக்கின்றன), ஒவ்வொன்றின் மின்தடையும் இழப்பைக் கூட்டுகிறது. வீச்சின் நடுவில் நன்றாக ஓடும் விசிஓ கீழ் முனையில் மூச்சுத் திணறுவது இதனால்தான்.

ஜோடியைப் பெரிதாக்கினால் மேல் முனை போய்விடும் என்று பார்த்தோம். அதனால் பயாஸ் மின்னோட்டத்தை (ஜோடிக்கு ஊட்டும் நிலையான மின்னோட்டம்) பேங்க் எண்ணோடு சேர்த்து மாற்றுங்கள்: கீழே அதிகம், மேலே குறைவு. அது போதவில்லை என்றால் ஸ்விட்ச்சுக்கு வாருங்கள். இங்கே ஒரு கணக்கு எனக்கு மிகவும் பிடிக்கும். ஸ்விட்ச் மூடியபோதும் திறந்தபோதும் பேங்க் யூனிட்டுக்கு உள்ள கெப்பாசிட்டன்ஸ்களின் விகிதத்திலிருந்து ஒன்றைக் கழித்து, அதைக் கியூவோடு (இழப்பு எவ்வளவு குறைவு என்பதைச் சொல்லும் எண்) பெருக்குங்கள். ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் வரும் எண், ஸ்விட்ச் மூடியபோது உள்ள மின்தடையையும் திறந்தபோது உள்ள கெப்பாசிட்டன்ஸையும் மட்டுமே பொறுத்தது. ஸ்விட்ச்சின் அகலத்தை எப்படி மாற்றினாலும் இது நகராது, ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை வாங்கலாம், அவ்வளவுதான். உதாரணமாக 10 ஓம், 20 ஃபெம்டோஃபாரட் ஸ்விட்ச் என்றால் 5 கிகாஹெர்ட்ஸில் இந்த எண் சுமார் 160. விகிதம் 4 வேண்டுமென்றால் கியூ 53 கிடைக்கும், நிம்மதியான நிலை. இதே ஸ்விட்ச்சோடு 20 கிகாஹெர்ட்ஸுக்குப் போனால் கியூ 13 ஆகிவிடும். அங்கே இழப்பின் பெரும்பகுதி கெப்பாசிட்டரிலிருந்துதான் வரும், இண்டக்டரை மெருகேற்றிப் பலனில்லை.

இரு பக்கத்துக்கும் தனித்தனி ஸ்விட்ச் வைத்துத் தரையோடு இணைத்திருக்கிறீர்களா? இரு கெப்பாசிட்டர்களுக்கும் நடுவே ஒரே ஸ்விட்ச்சாக வையுங்கள். நடுப்புள்ளி வேற்றுமைச் சமிக்ஞைக்குத் தரையாகவே தெரிவதால், ஒவ்வொரு பக்கத்துக்கும் பாதி மின்தடைதான் படும்.

அறிகுறி: எல்லா ஸ்விட்ச்சும் திறந்திருக்கும் மேல் முனையில்தான் நாய்ஸ் மோசம்

இது குழப்பும். ஸ்விட்ச் திறந்திருந்தால் இழப்பு குறைய வேண்டுமே? திறந்த ஸ்விட்ச்சின் டிரெயினும் சோர்ஸும் எந்த மின்னழுத்தத்திலும் கட்டப்படாமல் மிதந்துகொண்டிருந்தால், டாங்க்கின் ஊசலாட்டம் அவற்றைத் தரைக்குக் கீழே இழுக்கும். அந்த நொடியில் டிரெயின்-பாடி டயோடு கடத்தத் தொடங்கும், ஸ்விட்ச்சும் அரைகுறையாக மூடிக்கொள்ளும். திறந்த நிலையில் அந்த இரு முனைகளையும் சில பத்து கிலோஓம் மின்தடை வழியே மேல் மின்னழுத்தத்துக்கு இழுத்து வையுங்கள். மூடிய நிலையில் தரைக்கு. சரிபார்க்க எளிய வழி உண்டு: பயாஸ் மின்னோட்டத்தைக் குறைத்ததும் நாய்ஸ் நன்றானால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அறிகுறி: மேல் முனையில் பிஎல்எல் துடிக்கிறது, கீழ் முனையில் மந்தம்

ஒரே கெப்பாசிட்டன்ஸ் மாற்றம் தரும் அதிர்வெண் மாற்றம், அதிர்வெண்ணின் கனத்தோடு (மூன்றாம் அடுக்கோடு) வளர்கிறது. 4-லிருந்து 6-க்குப் போனால் டியூன் உணர்திறன் 3.4 மடங்கு, இரண்டு மடங்கு வீச்சில் 8 மடங்கு. வராக்டரைத் துண்டுகளாக்கி, மேல் பட்டைகளில் சில துண்டுகளைக் கழற்றிவிடுங்கள். அதைச் செய்ய இடமில்லை என்றால் சார்ஜ் பம்ப் மின்னோட்டத்தை பேங்க் எண்ணுக்கேற்ப மாற்றினாலும் பிஎல்எல் பட்டையகலம் நிலைக்கும், ஆனால் நாய்ஸ் குறையாது.

அறிகுறி: ஓரிடத்தில் நாய்ஸ் அருமை, மற்ற இடங்களில் சுமார்

ஜோடியின் அடியில் இரண்டு மடங்கு அதிர்வெண்ணில் ஒத்திசையும் வடிகட்டி வைத்திருக்கிறீர்களா? 2001-இல் வெளிவந்து பரவலான நல்ல உத்தி அது. ஆனால் அந்த ஒத்திசைவு குறுகிய பட்டைக்கு மட்டும்தான் பொருந்தும். அகன்ற வீச்சு வேண்டுமென்றால் அதன் கெப்பாசிட்டரையும் பேங்க் எண்ணோடு மாற்ற வேண்டும். இரண்டு மூன்று படிகள் போதும்.

அறிகுறி: அதிர்வெண் திடீரென வேறிடத்துக்குத் தாவுகிறது

பேங்க் எண்ணை ஏற்றிக்கொண்டே போய், தாவும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இறக்கிக்கொண்டே வாருங்கள். இரு திசையிலும் தாவும் எண் வேறு வேறாக இருந்தால், உங்கள் டாங்க்குக்கு இரண்டு ஒத்திசைவுகள் இருக்கின்றன, விசிஓ இரண்டிலும் வாழ முடிகிறது. டிரான்ஸ்ஃபார்மர் டாங்க் வைத்தவர்களுக்கு இது பழக்கமான தலைவலி. ஒரே மாதிரியான இரண்டு டாங்க்குகள் காந்தப் பிணைப்பால் இணைந்தால் இரண்டு அதிர்வெண்கள் பிறக்கும். பிணைப்பு 0.2 என்றால் அவற்றின் விகிதம் 1.22, 0.6 என்றால் சரியாக 2. வீச்சை அகட்ட இதை வேண்டுமென்றே பயன்படுத்தலாம், நல்ல வழியும்கூட, ஏனென்றால் சமிக்ஞை போகும் பாதையில் ஸ்விட்ச் இல்லை. ஆனால் வேண்டாத ஒத்திசைவில் விசிஓ கிளம்பவே முடியாதபடி இழப்பு இருக்க வேண்டும். இரு டாங்க்குகளின் நடுவே சிறு ஜோடிகளை வைத்து, ஒரு நேரத்தில் ஓர் ஒத்திசைவுக்கு மட்டும் ஆதாயமும் மற்றதற்கு இழப்பும் கொடுங்கள். சிமுலேஷனில் ஒரே தொடக்க நிலையோடு நிறுத்தாமல், இரு ஒத்திசைவிலும் ஓடவிட்டுத் தொடங்கி, எது நிலைக்கிறது என்று பாருங்கள்.

காந்தப் பிணைப்பில் இருக்கும் இரண்டாம் சுருளை ஒரு ஸ்விட்ச்சால் குறுக்குச்சுற்றாக மூடி இண்டக்டன்ஸைக் குறைக்கும் முறையும் உண்டு. பிணைப்பு 0.5 என்றால் இண்டக்டன்ஸ் முக்கால் பங்காகும், அதிர்வெண் 15 சதவீதம் ஏறும். அந்த ஸ்விட்ச்சின் மின்தடை டாங்க்குக்குள் வந்து உட்காரும் என்பதால் நாய்ஸ் முக்கியமான இடத்தில் இதை நான் கடைசியாகத்தான் எடுப்பேன்.

அறிகுறி: எல்லாம் சரி, ஆனாலும் வீச்சு போதவில்லை

அப்புறம் டாங்க்கை இன்னும் பிழிய வேண்டாம், டிவைடரைப் பாருங்கள். 2 ஆல் மட்டும் வகுத்து எல்லாக் கீழ் அதிர்வெண்களையும் மூட வேண்டுமென்றால் விசிஓ இரண்டு மடங்கு ஓட வேண்டும், அதாவது 67 சதவீத வீச்சு. கூடவே 3 ஆல் வகுக்கும் டிவைடரையும் வைத்தால் ஒன்றரை மடங்கு போதும், 40 சதவீதம். 8 முதல் 12 கிகாஹெர்ட்ஸ் விசிஓவை எடுங்கள்: 2 ஆல் வகுத்தால் 4 முதல் 6, 3 ஆல் 2.67 முதல் 4, 4 ஆல் 2 முதல் 3, 6 ஆல் 1.33 முதல் 2. ஆறுக்குக் கீழே ஓட்டையே இல்லை. 3 ஆல் வகுக்கும்போது சம அகலத் துடிப்பும் 90 பாகை வெளியீடும் எளிதில் வராது, அதற்குத் தனி உழைப்பு வேண்டும். அதற்கும் முடியாத இடத்தில் இரண்டு விசிஓ வையுங்கள். இடம் செலவாகும், ஆனால் 67 சதவீதத்துக்கு இழுக்கப்பட்ட ஒரே விசிஓவின் நாய்ஸோடு போராடுவதைவிட அது பல நேரங்களில் மேல்.

அறிகுறி: குளிரில் பூட்டியது, சூடேறியதும் பூட்டு விடுகிறது

தொடங்கும்போது ஒருமுறை பட்டையைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதையே வைத்துக்கொள்ளும் அமைப்புகளில் இது வரும். சூடேறினால் அதிர்வெண் பெரும்பாலும் மெல்ல இறங்கும், டியூன் மின்னழுத்தம் அதை ஈடுகட்ட நகர்ந்து நகர்ந்து ஓரத்தில் போய் முட்டும். பட்டைகள் படியும் அளவைத் தீர்மானிக்கும்போது இந்த நகர்வையும் கெப்பாசிட்டன்ஸாக மாற்றிச் சேர்த்துக்கொள்ளுங்கள். தேர்வின்போது டியூன் மின்னழுத்தத்தை எப்போதும் நடுவில் வைக்காமல், அப்போதைய வெப்பநிலையைப் பார்த்து நகர்த்தி வைப்பதும் உதவும்: குளிரில் தொடங்கினால் சூட்டுப் பக்கம் அதிக இடம் விட்டு, சூட்டில் தொடங்கினால் குளிர்ப் பக்கம். சோதனையில் அறை வெப்பநிலையில் பூட்டிப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். மிகக் குளிர்ந்த நிலையில் பூட்டி, பட்டையைத் தொடாமல், மிகச் சூடான நிலை வரை ஏற்றுங்கள். பிறகு தலைகீழாகவும் செய்யுங்கள். உணர்திறன் மிகக் குறைவான கீழ்ப் பட்டைகளையும், வராக்டர் துண்டுகளைக் கழற்றியிருந்தால் மேல் பட்டைகளையும் முதலில் சோதியுங்கள்.